ஊழியம்: ஒரு சொல்லின் இரண்டு வரலாறுகள்



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவதற்கான சடங்காக ஆகிவிடக் கூடாது. நாம் யாருடைய தொடர்ச்சி என்று நம்மையே கேட்டுக்கொள்ளும் நேரமாக அது இருக்க வேண்டும். இந்த முறை ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குள் போகலாம் என்று நினைக்கிறோம். அந்தச் சொல் ஊழியம்.

கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது அன்றாடச் சொல். ‘அவர் ஊழியத்தில் இருக்கிறார்’ என்றால் சபைப் பணியில் இருக்கிறார் என்று பொருள். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென் திருவிதாங்கூரில் அதே சொல்லைக் கேட்டால் நம் முன்னோர் நடுங்கியிருப்பார்கள். அங்கே ஊழியம் என்பது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. கூப்பிட்டால் போக வேண்டும். சுமை தூக்க வேண்டும். கேட்ட பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுத்தால் அடி. இந்தச் சுமை விழுந்தது ஒடுக்கப்பட்ட சாதிகளின் தோள்மீது.

ஊழியத்தோடு பிறந்த இன்னொரு சொல் பொறுமை. பிரசங்க மேடையில் அதிகம் கேட்கும் சொல்லும் அதுதான். நம்மில் பலருக்குக் கேட்டதும் எரிச்சல் வரும் சொல்லும் அதுதான். கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியவர்கள் நம்மைப் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். உரிமை கேட்டு மனு கொடுத்தால் அரசும் அதையே சொல்கிறது. யாருக்கு அவசரம் இல்லையோ அவர்களே பிறருக்குப் பொறுமையைப் போதிக்கிறார்கள்.

இந்த எரிச்சலுக்கான காரணத்தை அண்ணல் அம்பேத்கர் எழுதிவைத்திருக்கிறார். மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலை பற்றிய கட்டுரையில் அவர் வைக்கும் விமர்சனம் கடுமையானது. தன் தாழ்வுக்குத் தன் பாவமே காரணம் என்று மதம் மாறியவருக்குக் கற்பிக்கப்படுகிறது; அதனால் தன்னைத் தாழ்த்திவைத்த சமூகத்தை எதிர்க்கும் ஊக்கம் அவரிடம் அணைந்துபோகிறது; திருச்சபையோ தனக்குள் சாதியை உடைக்கவில்லை என்கிறார் அவர். இந்த விமர்சனத்தைத் தள்ளிவைத்துவிட்டு நாம் மேலே பேச முடியாது. ஆனால் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஊழியம், பொறுமை என்ற இந்தச் சொற்களை முதன்முதலில் வாழ்ந்து பார்த்த தலித் கிறிஸ்தவர்கள் அவற்றை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? மூன்று பேருடைய வாழ்க்கையை வைத்து இதைப் பார்ப்போம். இருவர் தமிழர். ஒருவர் பஞ்சாபி.

1. பட்டம் கிடைக்காத உபதேசியார்

சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் இடம். அதைச் சுற்றியிருந்த தஞ்சை மராத்திய அரசின் எல்லைக்குள் மிஷனரிகள் நினைத்தபோதெல்லாம் போய்வர முடியாது. ஆனால் புத்தகம் போயிற்று. அப்படிப் போன புத்தகம், தஞ்சை அரசரின் படையில் இருந்த ராஜநாயக்கன் கைக்கு வந்து சேர்ந்தது.

ராஜநாயக்கன் பறையர் குலத்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இரவலாகக் கிடைத்த புத்தகத்தைப் படித்து, ஓலையில் பார்த்தெழுதிக்கொண்டார். படித்ததைக் கூட இருந்தவர்களுக்கும் சொன்னார். பிறகு தரங்கம்பாடியோடு தொடர்பு வைத்துக்கொண்டு, 1728 வாக்கில் படைவேலையை விட்டுவிட்டு உபதேசியாரானார். தஞ்சைச் சீமையின் ஊர்களில் அவர் அலைந்து செய்த வேலைக்கு அவர் குடும்பம் விலை கொடுத்தது. சமய எதிரிகள் நடத்திய தாக்குதலில் அவருடைய தந்தை கொல்லப்பட்டார். ராஜநாயக்கன் ஊரைவிட்டு ஓடவில்லை. 1771-ல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், உபதேசியாராகவே இருந்தார்.

உபதேசியாராகவே இருந்தார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1733-ல் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. இந்தியர் ஒருவர் சீர்திருத்தத் திருச்சபையில் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. அடுத்து 1741-ல் தியோகு என்பவருக்குக் கிடைத்தது. அப்போது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. அவருடைய தகுதியில் யாரும் குறை காணவில்லை. பறையர் ஒருவரின் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் முன்வர மாட்டார்கள் என்பதுதான் தடையாகச் சொல்லப்பட்டது. அப்பத்தையும் இரசத்தையும் பகிர்ந்துகொள்ளும் மேசையிலேயே தீட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த வாழ்க்கையைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது எளிது, சொல்லியும் வந்திருக்கிறார்கள். அதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ராஜநாயக்கனின் பொறுமையைப் புகழ்கிறவர்கள், பட்டம் கொடுக்காதவர்களின் கோழைத்தனத்தைக் கேள்வி கேட்காமல் கடந்துபோகிறார்கள். நாம் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டம் மறுக்கப்பட்டது அவர்மீது சுமத்தப்பட்ட பொறுமை; அது திருச்சபையின் பாவம். பட்டம் இல்லாமலேயே அடுத்த முப்பது ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தது அவரே தேர்ந்துகொண்ட பொறுமை. முதல் பொறுமைக்குத் திருச்சபைதான் கணக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு அவரைத் தவிர வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

2. ஊருக்குத் திரும்பிய மகராசன்

ராஜநாயக்கன் இறந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே தஞ்சைக்கு வேறொருவர் வந்தார். தென் திருவிதாங்கூரில் மயிலாடி அவருக்கு ஊர். இன்றைக்கு அது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் மகராசன். சாம்பவர் குலத்தவர். பக்தியுள்ள மனிதர். அத்தனை தூரம் நடந்து சிதம்பரத்துக்கு யாத்திரை போனார் என்றால் எந்த அளவுக்குத் தேட்டம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிதம்பரத்தில் நந்தனின் கதை நமக்குத் தெரியும். தீயில் இறங்கினால்தான் உள்ளே போகலாம் என்று ஒரு பறையருக்குச் சொன்ன ஊர் அது. மகராசன் தேடியதும் அங்கே கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் தஞ்சையில் இருந்த உறவினர்களிடம் தங்கினார். அங்கே கோல்ஹாஃப் நடத்திய ஆராதனைக்குப் போனார். கேட்டது மனதில் தைத்தது. தங்கிப் படித்து ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாய் அது.

இனி அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. தஞ்சையில் சபை இருந்தது, உறவினர்கள் இருந்தார்கள், மிஷனின் நிழல் இருந்தது. அங்கேயே தங்கிவிடலாம். மயிலாடியில் இவை எதுவும் இல்லை. ஊழியமும் அடியும்தான் இருந்தன. வேதமாணிக்கம் புத்தகங்களை எடுத்துக்கொண்டு மயிலாடிக்குத் திரும்பினார். நம் பேச்சின் மையம் இந்தத் திரும்புதல்தான்.

ஊரில் வரவேற்பு இல்லை. சொந்தக்காரர்களின் எதிர்ப்பும் மேல்சாதியினரின் மிரட்டலும் இருந்தன. ஆனாலும் ஒரு சிறு கூட்டம் அவரோடு சேர்ந்தது. வெள்ளைக்கார மிஷனரி எவரும் அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்திராத நாள்களில் இது நடந்தது. கொடுமை தாங்க முடியாமல் கூட்டத்தோடு தஞ்சைப் பக்கம் குடிபெயர்ந்துவிடலாமா என்றும் அவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனையை மறைக்க வேண்டியதில்லை. பொறுமைசாலிகளுக்கும் ஓடிப்போகத் தோன்றும்.

இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1804-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரை மயிலாடிக்கு வரவழைத்தது வேதமாணிக்கத்தின் அழைப்பு. 1806 ஏப்ரலில் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது அங்கே நம்பிக்கையாளர்களின் கூட்டம் ஏற்கெனவே இருந்தது. நம் பாடப்புத்தகங்களும் நூற்றாண்டு மலர்களும் ‘மிஷனரி வந்தார், சபை உண்டாயிற்று’ என்று எழுதும். இங்கே வரிசை தலைகீழ். சபை இருந்தது, அதனால் மிஷனரி வந்தார்.

கோயில் கட்டும் அனுமதிக்காக மேலும் மூன்று ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது. வேலுத்தம்பி தளவாயின் கலகம் அடங்கிய பிறகு, 1809-ல்தான் மயிலாடியில் கோயில் எழுந்தது. அதே ஆண்டில் அங்கே ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கியது. பின்னர் நாகர்கோவிலுக்கு மாறி வளர்ந்த அந்தப் பள்ளிதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர். பொதுத் தெருவில் நடக்கக் கூடாது என்று விலக்கிவைக்கப்பட்டவர்களின் ஊரில் அது முளைத்தது என்பதை அங்கே படித்த எத்தனை பேர் அறிவார்கள்?

ரிங்கல்தௌபே 1816-ல் உடல் நலிந்து நாட்டைவிட்டுப் போனார். போகும்போது சபைகளை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். தன் அங்கியையே அவருக்கு அணிவித்துவிட்டுப் போனார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். சார்லஸ் மீட் வந்து பொறுப்பேற்கும் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், தென் திருவிதாங்கூர் மிஷனை நடத்தியவர் ஒரு சாம்பவர். சபைகளைச் சுற்றிவருவது, உபதேசியார்களைப் பார்த்துக்கொள்வது, பள்ளிகள் நின்றுவிடாமல் காப்பது எல்லாம் அவர் பொறுப்பாயின. ராஜநாயக்கனுக்குத் தரங்கம்பாடி எதை மறுத்ததோ அதை மயிலாடியில் காலமே கொடுத்தது. வேதமாணிக்கம் 1827-ல் இறந்தார்.

இந்தக் காலத்தில்தான் ஊழியம் என்ற சொல்லில் ஒரு விரிசல் விழுகிறது. கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்தபோது, கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு அழைக்கக் கூடாது, கோயில் சார்ந்த ஊழியத்துக்கும் அழைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. உள்ளூர் அதிகாரிகள் அதை மீறிக்கொண்டேதான் இருந்தார்கள். என்றாலும் வாரத்தில் ஒரு நாள் ‘இன்று வர மாட்டேன்’ என்று சொல்லச் சட்டத்தின் துணை கிடைத்தது. ஞாயிறு ஆராதனையை வெறும் பக்தி என்று பார்க்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கட்டாய உழைப்பில் கட்டுண்ட மக்களுக்கு அது முதல் ஓய்வுநாள். அந்த ஒரு நாளில் அவர்கள் தாங்களாக விரும்பிச் செய்த வேலைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ஊழியம். தங்களை முறித்த சொல்லையே தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். கூலியில்லா வேலைதான் இரண்டும். ஒன்று சாட்டைக்குப் பயந்து செய்வது. மற்றது பக்கத்துச் சேரியின் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க நடந்துபோவது.

3. நொண்டிக் காலோடு முப்பது மைல்

மூன்றாமவரைப் பார்க்க நாம் வடக்கே பஞ்சாபுக்குப் போக வேண்டும். இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட் வட்டாரம். மயிலாடிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் மகராசன் செய்த அதே காரியத்தை, அவர் பெயரைக் கேள்விப்படாமலேயே, எழுபது ஆண்டுகள் கழித்து ஒருவர் அங்கே செய்தார்.

அவர் பெயர் தித். துப்புரவுத் தொழிலும் செத்த மாடு அகற்றும் வேலையும் சுமத்தப்பட்ட சூஹ்ரா சாதியில் பிறந்தவர். ஊர் ஊராகத் தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர். ஒரு கால் ஊனம். எழுத்தறிவு இல்லை. அப்போது முப்பது வயது இருக்கும். 1873-ல் நத்து என்ற ஜாட் கிறிஸ்தவர் அவரைச் சியால்கோட்டில் இருந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் மார்ட்டினிடம் அழைத்துப்போனார். மார்ட்டினுக்குத் தயக்கம். போதிய கல்வி இல்லை, இன்னும் கொஞ்ச நாள் இருந்து கற்றுக்கொள்ளட்டுமே என்று நினைத்தார். ஆனால் மறுக்கவும் காரணம் இல்லாததால் ஞானஸ்நானம் கொடுத்தார். உடனே தித் சொன்னது மார்ட்டினை இன்னும் திகைக்க வைத்தது. நான் ஊருக்குப் போகிறேன் என்றார்.

மிஷன் வளாகத்தில் தங்கிவிடுவதுதான் அன்று மதம் மாறியவர்களின் வழக்கம். வேலை கிடைக்கும், பாதுகாப்பு கிடைக்கும். ‘சோற்றுக் கிறிஸ்தவர்’ என்ற வசை பிறந்த இடமும் அந்த வளாகந்தான். தித் சோறு கேட்கவில்லை. தன் தோல் வியாபாரத்துக்கே திரும்பினார். உறவினர்கள் அவரோடு உண்பதையும் பேசுவதையும் நிறுத்தினார்கள். துரையாகிவிட்டாயோ என்று கேலி செய்தார்கள். அவர் வாயடைத்துப் போகவும் இல்லை, சண்டைக்கு நிற்கவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இருவரையும் கூட்டிக்கொண்டு, முப்பது மைல் நடந்து, மறுபடி மார்ட்டின் வீட்டு வாசலில் நின்றார். அவர்களுக்குத் தானே போதித்திருந்தார். அடுத்த ஆண்டு மேலும் நால்வரை அழைத்துவந்தார்.

தோல் வாங்கப் போன ஊர்களிலெல்லாம் தித் பேசினார். வியாபாரப் பாதையே அவருடைய ஊழியப் பாதையாயிற்று. 1881-ல் பஞ்சாபில் நாலாயிரம் பேரைக்கூட எட்டாத இந்தியக் கிறிஸ்தவர் தொகை, 1921-ல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. சியால்கோட் மாவட்டத்துச் சூஹ்ராக்களில் மிகப் பெரும்பகுதியினர் அதற்குள் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். மேல்சாதியினரை மாற்றிவிட்டால் கீழே தானாகப் பரவும் என்று காத்திருந்த மிஷன்களின் கணக்கை, மிஷனரிகள் யாரும் திட்டமிடாத இந்த எழுச்சி புரட்டிப்போட்டது. மிஷனரிகள் பின்னால் ஓடிவந்தார்கள். சிலர் அரைமனதோடு வந்தார்கள்.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். தித்தோடு முப்பது மைல் நடந்த அந்த இரண்டு பெண்களும் நூல்களில் பெரும்பாலும் ‘மனைவி’ என்றும் ‘மகள்’ என்றுமே வருகிறார்கள். ஊர்விலக்கைத் தண்ணீர்த் துறையில் நேருக்கு நேர் சந்தித்தவர்கள் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நம் ஆய்வு மாணவர்கள் தேடிப் போக வேண்டிய பெயர்கள் அங்கே இருக்கின்றன.

4. கணக்கின் மறுபக்கம்

இந்த மூன்று வாழ்க்கைகளையும் வெற்றிக் கதைகளாக முடித்துவிட்டால் நாம் வரலாற்றுக்கு உண்மையாக இருக்க மாட்டோம்.

தென் திருவிதாங்கூரில் சபை பெருகியபோது பெரும்பான்மையாக வந்து சேர்ந்தவர்கள் நாடார்கள். தோள்சீலைப் போராட்டம் உட்பட அவர்கள் நடத்திய போராட்டங்கள் மகத்தானவை. ஆனால் வாசலைத் திறந்துவைத்த சாம்பவர்கள் அந்த வீட்டுக்குள் சிறுபான்மையாகிப் போனார்கள். பஞ்சாபிலும் அப்படித்தான். சிலருக்குக் கால்வாய்ப் பாசனக் குடியேற்றங்களில் நிலம் கிடைத்தது. மார்ட்டின்பூர் போன்ற கிறிஸ்தவ ஊர்கள் எழுந்தன. ஆனால் தித்தின் மக்களில் பலர் கையில் இன்னும் துடைப்பம் இருக்கிறது. துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று பாகிஸ்தானில் அண்மைக் காலம் வரை விளம்பரங்கள் வந்திருக்கின்றன.

இந்தியாவின் நிலை என்ன? 1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகளுக்குத் திருத்தப்படவில்லை. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2022-ல் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுகளாக நம்மீது பொறுமை சுமத்தப்பட்டிருக்கிறது. தரங்கம்பாடியில் ராஜநாயக்கனுக்குச் சொல்லப்பட்ட பதில்தான் வேறு மொழியில் நமக்கும் வருகிறது: உன் தகுதியில் குறையில்லை, கொடுத்தால் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

5. எது நம் பொறுமை?

அம்பேத்கரின் விமர்சனத்துக்கு இந்த மூவரின் வாழ்க்கை முழுப் பதில் ஆகாது. திருச்சபை சாதியை உடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு ராஜநாயக்கனே சாட்சி. ஆனால் நம்பிக்கை இவர்களுடைய ஊக்கத்தை அணைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பாவம் என்று கேட்டவர்கள் தங்கள் சேரியைப் பாவத்தின் இடமாக நினைத்து விலகி ஓடவில்லை. அங்கேயே திரும்பிப் போனார்கள்.

பொறுமையைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். மழைக்குக் காத்திருக்கும் விவசாயியை அது உதாரணம் காட்டுகிறது. அதைப் பிரசங்கிக்கிறவர்கள் சில வசனங்கள் முன்னால் போவதில்லை. அங்கே வயலை அறுத்த கூலியாட்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வந்தர்களை நேருக்கு நேர் நின்று அந்த நிருபம் கண்டிக்கிறது. கூலி கேட்பதும் மழைக்குக் காத்திருப்பதும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் நமக்குப் போதித்தார்கள். சேற்றில் நின்றவர்களுக்குத் தெரியும், மழைக்குக் காத்திருக்கிறவன் சும்மா இருப்பதில்லை. வரப்பு வெட்டுகிறான், விதை பொறுக்குகிறான், மடையைப் பார்க்கிறான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் படிப்புக்காகச் சேரியை விட்டு வந்தவர்கள். நகரம் ஒரு தஞ்சாவூர். அங்கே நிழல் இருக்கிறது. அதில் இளைப்பாறுவதில் தவறில்லை. எல்லாரும் ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒரு முறையாவது அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போய், மாலைப் பள்ளியில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கல்லறைச் சுவருக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போடுகிற கிழவிக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். பலன் உடனே தெரியாது. உறவினர்கள் கேலிகூடச் செய்வார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் அதை ஊழியம் என்று சொல்லிக்கொள்ளட்டும். நம்பிக்கை இல்லாதவர்கள் இயக்க வேலை என்று சொல்லிக்கொள்ளட்டும். யாரும் நம்மை அடித்து வாங்காத உழைப்பு அது என்பதே முக்கியம்.

உரிமையைக் கேட்பதில் நமக்குப் பொறுமை வேண்டாம். மக்களோடு இருப்பதில் நமக்குப் பொறுமை வேண்டும். மகராசன் புத்தகங்களைச் சுமந்துகொண்டு தஞ்சையிலிருந்து மயிலாடிக்கு நடந்த பாதையில் இவை இரண்டும் கூடவே நடந்தன. அவர் ஊர் வந்து சேர்ந்தபோது அவரை வரவேற்க யாரும் இல்லை. அவர் அங்கேயே இருந்தார்.